தென்னை மர உயரத்தில் ஓர் இடைவெளி: வானில் மோதலைத் தவிர்க்க எதை நம்புவது?

வாஷிங்டன் ரேகன் தேசிய விமான நிலையத்தில் 33ஆம் ஓடுதளத்துக்கு ஒரு விமானம் இறங்கி வருகிறது. அதன் கீழே, போட்டோமாக் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு ஹெலிகாப்டர் போகிறது. இருவரும் விதியை ஒரு அடிகூட மீறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரண்டுக்கும் நடுவே இருக்கக்கூடிய இடைவெளி 75 அடி. நன்றாக வளர்ந்த ஒரு தென்னை மரத்தின் உயரம். 2025 ஜனவரி 29 இரவு அங்கே மோதல் நடந்து 67 பேர் இறந்த பிறகு, அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்குப் போட்டுச் சொன்ன எண் இது.

பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்களைப் பார்க்கலாம். வாஷிங்டன் செய்தி வந்த வாரம், காய்ந்த துணி எடுக்க வந்த கீழ்வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இவ்ளோ கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களே, அப்புறமும் எப்படி சார் மோதுது?" ரேடார், மனிதத் தவறு என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பிறகு விசாரணை அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்ததில், கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று பட்டது.

பெரிய விமானங்கள் இறங்கும் பாதைக்குக் குறுக்கே ஹெலிகாப்டரோ சிறு விமானமோ போயாக வேண்டிய ஒரு விமான நிலையம். அதை நடத்துபவர் முடிவெடுக்க வேண்டும். மோதாமல் இருக்க எதை நம்புவது? விமானியின் கண்ணையா, தரையிலிருந்து விமானங்களுக்கு வழிகாட்டும் கன்ட்ரோலரையா, விமானத்துக்குள் கத்தும் கருவியையா? இல்லை, இருவரும் சந்திக்கவே முடியாதபடி பாதையைப் பிரித்துவிடுவதா? எல்லா ஊரிலும் நான்கும் கலந்துதான் இருக்கின்றன. ஆனால் பளுவை எதன்மேல் ஏற்றுகிறோம் என்பது ஊருக்கு ஊர் வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையைப் பிரிப்பதுதான் முதல். மற்ற மூன்றும் அது தவறினால் தாங்கிப் பிடிப்பதற்கு. ஆனால் உலகம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்து வந்திருக்கிறது. அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை.

கண்ணை நம்புவது

விமானத்துறையில் இதற்கு 'விஷுவல் செப்பரேஷன்' என்று பெயர். "உங்களுக்கு எதிரே இன்ன விமானம், இத்தனை உயரத்தில், தெரிகிறதா?" என்று கன்ட்ரோலர் கேட்பார். "தெரிகிறது, நாங்களே பார்த்து விலகிக்கொள்கிறோம்" என்று விமானி சொல்லி, அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டால், அந்த நொடியிலிருந்து பொறுப்பு கை மாறுகிறது. விமான நிலையத்தைச் சுற்றி ரேடார் கட்டுப்பாட்டில் வழக்கமாக வைக்கும், பக்கவாட்டில் மூன்று கடல் மைல் அல்லது உயரத்தில் ஆயிரம் அடி என்ற கணக்கு அதற்குப் பிறகு இல்லை. மோதாமல் போனால் சரி.

சோம்பேறித்தனத்தால் வந்த முறை இல்லை இது. சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இணை ஓடுதளங்களுக்கு நடுவே 750 அடிதான் தூரம். வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் இறங்குவது பல காலம் வழக்கமாக இருந்தது. மேகம் தாழ்ந்துவிட்டால் அப்படி இறக்க முடியாமல் போகும். ஒரு மணி நேரத்தில் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகிவிடும். கண் என்பது இலவசமாகக் கிடைக்கும் கூடுதல் ஓடுதளம் மாதிரி. எந்த நிர்வாகி வேண்டாம் என்பார்?

சரி, வாஷிங்டனில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து வந்த சிஆர்ஜே-700 விமானத்தில் 64 பேர். 1ஆம் ஓடுதளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களிடம் 33க்கு மாற முடியுமா என்று டவர், அதாவது விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், கேட்டது, ஒப்புக்கொண்டார்கள். அதற்கு விமானம் ஆற்றின் கிழக்குப் பக்கம் ஒதுங்கி, பிறகு இடப்பக்கம் வளைந்து ஆற்றைக் கடந்து இறங்க வேண்டும். வடக்கிலிருந்து ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மூன்று பேரோடு இரவுப் பறப்பில் வந்துகொண்டிருந்தது. அது போகும் தடத்தில் 200 அடிக்கு மேல் ஏறக் கூடாது.

மோதலுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்பு டவர் ஹெலிகாப்டரிடம் சொன்னது: வில்சன் பாலத்துக்குத் தெற்கே ஒரு சிஆர்ஜே, 1,200 அடி, 33க்குச் சுற்றி வருகிறது. அந்தச் 'சுற்றி வருகிறது' என்ற பகுதி ஹெலிகாப்டரில் இருந்தவர்களின் காதில் விழாமலே போயிருக்கலாம் என்று குரல் பதிவு காட்டுகிறது. அவர்கள் "தெரிகிறது" என்றார்கள். இருட்டில், நகர விளக்குகளுக்கு மேலே, வரிசையாக விமான விளக்குகள் வரும் திசை அது. சிஆர்ஜேக்குப் பின்னால் இன்னொரு விமானமும் வந்துகொண்டிருந்தது.

மோதலுக்கு ஏறத்தாழ இருபது விநாடி இருக்கும்போது டவரில் மோதல் எச்சரிக்கை ஒலிக்கிறது. கன்ட்ரோலர் மறுபடி கேட்கிறார், சிஆர்ஜே தெரிகிறதா என்று. அடுத்து, "அதற்குப் பின்னால் கடந்து போங்கள்" என்கிறார். சரியான கட்டளை. ஆனால் அதே கணத்தில் ஹெலிகாப்டரில் யாரோ பேசுவதற்காக மைக் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். 0.8 விநாடி. பொத்தான் அழுந்தியிருக்கும்போது எதிர்க்குரல் கேட்காது. 'பின்னால் கடந்து' என்பது அந்த 0.8 விநாடியில் கரைந்துபோனது. "தெரிகிறது, விலகிக்கொள்கிறோம்" என்று இரண்டாவது முறையும் பதில் வந்தது, அனுமதியும் கிடைத்தது. விமானமும் ஹெலிகாப்டரும் வெவ்வேறு அலைவரிசையில் இருந்ததால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவும் வழியில்லை.

இதைப் படித்தபோது எனக்கு 1978 சான் டியாகோதான் நினைவுக்கு வந்தது. செப்டம்பர் 25, பட்டப்பகல், தெளிவான வானம். பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727, கீழே ஒரு சிறிய செஸ்னா விமானம். "தெரிகிறது" என்றார்கள் 727 விமானிகள். பிறகு கண்ணிலிருந்து தவறவிட்டார்கள். செஸ்னா தங்கள் வலப்பக்கமாகக் கடந்து போய்விட்டது என்று நினைப்பதாகச் சொன்னார்கள். கடந்து 'போய்விட்டது' என்று அவர்கள் சொன்னது, கடந்து 'போகிறது' என்று டவரில் கேட்டிருக்க வேண்டும். அங்கும் ரேடார் அறையில் மோதல் எச்சரிக்கை 19 விநாடி முன்பே ஒலித்தது. விமானிதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டாரே என்று விட்டுவிட்டார்கள். தரையில் இருந்த ஏழு பேர் உட்பட 144 பேர் இறந்தார்கள். (வாஷிங்டனில் விழுந்த விமானத்தை இயக்கிய துணை நிறுவனத்தின் பெயரும் பிஎஸ்ஏ. பழைய நிறுவனம் இன்னொன்றோடு இணைந்த பிறகு, பெயரை மட்டும் வேறு கம்பெனிக்குச் சூட்டிவிட்டார்கள். தற்செயல்தான். ஆனாலும் படிக்கும்போது ஒரு கணம் உறைக்கிறது.)

நல்ல கண் உள்ளவர்கள், நல்ல வானிலை, பார்த்தும் ஏன் தவறுகிறது? கண்ணின் இயல்பே அப்படி. நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறோம், கிளைச் சாலையில் ஒரு லாரி வருகிறது. ஜன்னலில் அந்த லாரி பின்னோக்கி நகர்ந்தால் நாம் முந்திவிடுவோம். முன்னோக்கி நகர்ந்தால் அது முந்தும். நகராமல் ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால்தான் ஆபத்து. வானிலும் அதேதான். மோதப் போகும் விமானம் கண்ணாடியில் அசையாத ஒரு புள்ளி. கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். கடைசிச் சில விநாடிகளில் அந்தப் புள்ளி திடீரென்று வீங்கும். ஒன்றைப் பார்த்து, இது விமானம், மோத வருகிறது என்று உணர்ந்து, கை திருப்பி, விமானம் அதற்கு அசைவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறையின் பழைய கணக்கு. இரவில், இருட்டில் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நகரத்தின் ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே ஒரு விளக்கைத் தேடும்போது அந்தக் கணக்கும் உதவாது.

கண்ணுக்கு என் தீர்ப்பு: பகலில், ஒரே திசையில் போகும் இரண்டு விமானங்களுக்குச் சரி. இரவில், குறுக்கே கடக்கும் பாதைக்கு, கூடவே கூடாது.

கன்ட்ரோலரை நம்புவது

ராணுவ ஹெலிகாப்டரோ போலீஸ் ஹெலிகாப்டரோ வழி கேட்டால், "நில், விமானம் இறங்கட்டும், அப்புறம் போ" என்று தரையிலிருந்து சொல்வது. பொறுப்பு கை மாறாது. இது கண்ணைவிடப் பல மடங்கு மேல் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி, அந்த ஒருவர் எவ்வளவு தாங்குவார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான்.

வாஷிங்டனில் அன்றிரவு ஹெலிகாப்டர்களுக்கான இடமும் விமானங்களுக்கான இடமும் ஒரே ஆள் தலையில் இருந்தன. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தபோதும் கதை கிட்டத்தட்ட இதுதான். சூரிச் கட்டுப்பாட்டு அறையில் விழித்திருந்தவர் ஒருவர். சக ஊழியர் ஓய்வில். ரேடார் பராமரிப்பில் இருந்ததால் மோதல் எச்சரிக்கைத் திரை வேலை செய்யவில்லை. தொலைபேசி இணைப்பும் இல்லை. ஃபிரெட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற சிறு விமான நிலையத்துக்குத் தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸை இறக்கும் வேலையில் அவர் மூழ்கியிருந்தார். பக்கத்து நாட்டுக் கட்டுப்பாட்டு மையம் ஆபத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, மணி ஒலிக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747, டெல்லிக்கு வந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76. 349 பேர், நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை இதைவிடப் பெரிது இல்லை. கன்ட்ரோலர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். சவூதி விமானத்துக்கு 14,000 அடி, எதிரே வருபவருக்கு 15,000 அடி. எதிரே 747 வருகிறது, பத்து மைலில் என்றும் எச்சரித்தார். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. டவரோடு பேசியவர் விமானி இல்லை, ரேடியோ ஊழியர். அவருக்கென்று தனி உயரமானி இல்லை. முன்னால் இருப்பவர்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். டெல்லியில் அப்போது இயங்கியது முதல்நிலை ரேடார் மட்டும். அதில் விமானம் எங்கே என்று ஒரு புள்ளி தெரியும், எத்தனை அடியில் என்று தெரியாது. உயரத்தையும் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் வந்து சேர்ந்திருந்தும் பயன்பாட்டுக்கு வரவில்லை. கன்ட்ரோலர் சொன்னதை அவர்கள் செய்கிறார்களா என்று பார்க்க அவருக்குக் கண்ணே கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்தால் கூடவே மூன்று செலவைத் தேர்ந்தெடுக்கிறோம்: உயரம் காட்டும் ரேடார், இரண்டு வேலைக்கு இரண்டு ஆள், ஒருபோதும் அறுந்துபோகாத தொலைபேசி. மூன்றாவது சாதாரண விஷயமாகத் தோன்றும். விபத்து நடந்து மூன்று மாதம் கழித்து, 2025 மே 1 அன்று, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனைச் சுற்றி வந்த இன்னொரு பிளாக் ஹாக்கால் இரண்டு பயணிகள் விமானங்கள் இறங்காமல் மேலே ஏற வேண்டி வந்தது. அப்புறம்தான் வெளியே வந்தது: டவருக்கும் பென்டகனுக்கும் நடுவே இருந்த நேரடித் தொலைபேசி 2022 மார்ச் முதல் வேலை செய்யவில்லை. மூன்று வருஷம் யாரும் ரிசீவரை எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கருவியை நம்புவது

கீழ்வீட்டுக்காரர் மனதில் இருந்தது இதுதான். டிகாஸ் என்று பெயர். சுற்றியுள்ள விமானங்களில் இருக்கும், கேட்டால் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் என்ற சாதனத்தை இந்தக் கருவி விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்: எவ்வளவு தூரம், எத்தனை அடி. இன்னும் எத்தனை விநாடியில் நெருங்குவோம் என்று கணக்குப் போட்டு, முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் கொடுக்கும். இன்னும் நெருங்கினால் "க்ளைம்ப், க்ளைம்ப்" என்றோ "டிசெண்ட், டிசெண்ட்" என்றோ கட்டளையே போடும். இரண்டு விமானத்திலும் இருந்தால் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே அனுப்பும். 1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் செரிட்டோஸில் நடந்த மோதலுக்குப் பிறகு அமெரிக்காவிலும், சர்க்கி தாத்ரிக்குப் பிறகு இந்தியாவிலும் கட்டாயமாயிற்று. இது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் விமான நிலையத்துக்கு அருகில்? தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடிக்குக் கீழே வந்ததும் டிகாஸ் கட்டளை போடுவதை நிறுத்திக்கொள்ளும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது "இறங்கு" என்று கத்தும் கருவியை யாரும் விரும்ப மாட்டார்கள். ஓடுதளத்தை ஒட்டி நிற்பவை, கிளம்புபவை என எல்லாவற்றையும் பார்த்துப் பொய்யெச்சரிக்கை கொடுத்துக்கொண்டும் இருக்கும். வாஷிங்டனில் விமானிகளுக்கு "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் கேட்டது. மோதலுக்கு ஏறத்தாழ 19 விநாடி முன்பு. எங்கே போ என்று சொல்லும் அடுத்த குரல் வரவில்லை, வராது. மோதல் நடந்தது சுமார் 300 அடியில்.

யூபர்லிங்கனில் கருவி பேசியது. ரஷ்ய டுபோலெவ் விமானத்தை ஏறச் சொன்னது, சரக்கு போயிங்கை இறங்கச் சொன்னது. அதற்குச் சில விநாடி முன்பு கன்ட்ரோலர் டுபோலெவை இறங்கச் சொல்லியிருந்தார். டுபோலெவ் மனிதர் சொன்னதைக் கேட்டது, போயிங் கருவி சொன்னதைக் கேட்டது, இரண்டும் சேர்ந்து இறங்கின. முந்தைய வருஷம் ஜனவரியில் ஜப்பானில் இதே குழப்பம் நடந்து நூலிழையில் தப்பியிருந்தார்கள். அப்போதும் விதி தெளிவாகவில்லை. இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை: கருவி கட்டளை போட்டால் கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் கருவி பக்கம்தான்.

இன்னொரு கருவியும் இருக்கிறது, ஏடிஎஸ்-பி. தன் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் தெரிந்துகொண்டு விநாடிக்கு ஒருமுறை எல்லாருக்கும் ஒலிபரப்பும். நாம் கைபேசியில் விமானம் எங்கே போகிறது என்று பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இதன் புண்ணியம். இதில் அனுப்புவது ஒன்று, வாங்கித் திரையில் காட்டுவது வேறொன்று. அமெரிக்காவில் நெரிசலான வானில் அனுப்புவது 2020 ஜனவரி முதல் கட்டாயம். வாங்குவது அன்று கட்டாயமாக இல்லை. அந்த பிளாக் ஹாக் அனுப்பவும் இல்லை. எனக்கு இங்கேதான் கொஞ்சம் கோபம் வருகிறது. பல்லாவரம் மாடியில் நின்று நான் பார்க்கக்கூடிய வரைபடத்தை, அந்த இரவில் உயிரைப் பணயம் வைத்திருந்தவர்கள் தங்கள் முன் பார்க்க வழியில்லை. இதற்காகச் செய்யும் செலவு வீண் என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன். தாழ்வான உயரத்திலும் பக்கத்தில் யார் எந்தத் திசையில் வருகிறார்கள் என்பதை இது காட்டும். ஆனால் காட்டும், அவ்வளவுதான். திருப்புவது மறுபடி மனிதர்.

பாதையைப் பிரிப்பது

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். வாஷிங்டனிலும் சர்க்கி தாத்ரியிலும் பாதை பிரிக்கப்பட்டிருக்கவில்லை என்று சொல்ல முடியாது. காகிதத்தில் பிரித்திருந்தார்கள். ஹெலிகாப்டர் 200 அடிக்குக் கீழே, விமானம் அதற்கு மேலே. கஜகஸ்தான் 15,000, சவூதி 14,000. இரண்டிலும் பிரித்தது உயரத்தால் மட்டும். பக்கவாட்டில் ஒரே தடம்.

வாஷிங்டனில் அந்த 75 அடி எவ்வளவு பலவீனம் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதே ரக ஹெலிகாப்டர்களைப் பறக்கவிட்டுப் பார்த்தபோது, உயரமானி காட்டியதற்கும் உண்மையான உயரத்துக்கும் 80 முதல் 130 அடி வரை வித்தியாசம் வந்தது. அதாவது, இடைவெளியைவிட அளவுகோலின் பிழை பெரிது. 200 அடியில் இருக்கிறோம் என்று நம்பியபடியே ஒருவர் 300 அடியில் போகலாம். வரைபடத்தில் அந்தத் தடத்துக்கு அகலமும் குறிக்கவில்லை. கரையை ஒட்டிப் போனால் 75 அடி, ஆற்றின் நடுவே வந்தால் அதுவும் இல்லை.

எனவே பாதையைப் பிரிப்பது என்று நான் சொல்வது, கருவியின் பிழையும் மனிதரின் பிழையும் ஒன்றாகச் சேர்ந்தாலும் சந்திக்க முடியாத அளவுக்குப் பிரிப்பது. அது இரண்டு வகையில் முடியும். ஒன்று, இடத்தால். சர்க்கி தாத்ரி விசாரணையை நடத்திய நீதிபதி லகோத்தி ஆணையத்துக்குப் பிறகு டெல்லியில் வருபவர்களுக்கும் போகிறவர்களுக்கும் தனித்தனி வழி வந்தது. அதுவரை ஏன் ஒரே வழி? சுற்றியிருந்த வானத்தின் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்தது. வழி இல்லாமல் இல்லை, கொடுக்கவில்லை.

இன்னொன்று, நேரத்தால். ஒருவர் போகும்போது மற்றவர் அங்கே இல்லை. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி நடந்தபோது, ஒத்திகை நாட்களில் தொடங்கி குறிப்பிட்ட நேரங்களில் சென்னை விமான நிலையத்தையே நிறுத்தி வைத்தார்கள். பயணிகள் முணுமுணுத்தார்கள். போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒருவரையொருவர் 'பார்த்து விலகிக்கொள்ள' வேண்டிய தேவையே எழவில்லை.

வாஷிங்டனில் 2025 மார்ச் 11 அன்று பாதுகாப்பு வாரியம் கேட்டதும் இதுதான்: 15, 33 ஓடுதளங்கள் பயன்பாட்டில் இருக்கும்போது அந்த ஆற்றுத் தடத்தை மூடு. மூடினார்கள். குடியரசுத் தலைவர் பயணம், போலீஸ், உயிர் காக்கும் வேலை போன்றவற்றுக்கு ஹெலிகாப்டர் போயே ஆக வேண்டும் என்றால், அந்தக் கொஞ்ச நேரம் விமானங்கள் காத்திருக்க வேண்டும்.

இதில் இழப்பு யாருக்கு? ராணுவத்துக்குச் சுற்றுவழி. விமான நிறுவனங்களுக்குத் தாமதம், எரிபொருள். டவருக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு. மற்ற மூன்று வழிகளோடு ஒப்பிட்டால் ரூபாய்க் கணக்கில் இதுதான் மலிவு. ஒரு வரைபடத்தைத் திருத்தி அச்சடிக்கும் செலவு. ஆனால் மூன்று அலுவலகங்கள் ஒன்றாக உட்கார்ந்து, எனக்கு வேண்டாம் என்று ஒருவராவது விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் இது எப்போதும் கடைசியில் வருகிறது என்று நினைக்கிறேன். கருவி வாங்க டெண்டர் விட்டால் போதும். வானத்தை விட்டுக்கொடுக்க மனசு வர வேண்டும்.

தகவல் இல்லாமலும் இல்லை. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, அந்த ஒரு விமான நிலையத்தைச் சுற்றி விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும் உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய சம்பவங்கள் 15,214. அவற்றில் 85 முறை, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. எண்கள் கணினியில் கிடந்தன. விபத்துக்குப் பிறகுதான் கூட்டிப் பார்த்தார்கள். 15,000 முறை கண் தப்பவைத்தது என்றும் இதைப் படிக்கலாம். கண்மேல் இத்தனை நம்பிக்கை வந்ததற்கு இதுவே காரணமாகவும் இருந்திருக்கும்.

யாருக்கு எது

முடிவெடுப்பவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்துப் பதில் கொஞ்சம் மாறும். ஒரு நாளைக்குப் பத்து விமானம் வரும் சின்ன நிலையத்தில், பக்கத்தில் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளி இருந்தால், தனித் தடம் போட்டு வானத்தைத் துண்டாட வேண்டாம். கன்ட்ரோலர் ஒருவர், ஒரே அலைவரிசை, பயிற்சி விமானங்களில் ஏடிஎஸ்-பி திரை. பகலில் மட்டும் பயிற்சி. போதும்.

இரண்டு ஓடுதளங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும், பக்கத்தில் ராணுவத் தளமும் இருக்கும் பெரிய ஊர் என்றால் சமரசமே வேண்டாம். சென்னையும் அந்த வகைதான்; மீனம்பாக்கத்தின் இரண்டு ஓடுதளங்களும் குறுக்கிடுகின்றன, தாம்பரம் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரத்தில். இப்படிப்பட்ட இடத்தில் முதலில் இடத்தால் பிரி. முடியாத இடத்தில் நேரத்தால் பிரி. அதற்கும் மேலே உயரம் காட்டும் ரேடாரோடு போதிய ஆட்கள். கருவியை வாங்கு, ஆனால் வாங்கிவிட்டோம் என்பதற்காக முதல் இரண்டைத் தளர்த்தாதே. இரவில் கண்ணுக்குப் பொறுப்பை மாற்றாதே.

கடைசியாகச் சொன்னதை ஏற்கெனவே கடைப்பிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. 2023 அக்டோபரில் மியூனிக்கிலிருந்து வந்த ஒரு லுஃப்தான்சா விமானம் இருட்டிய பிறகு சான் பிரான்சிஸ்கோவை நெருங்கியது. முன்னால் போகும் விமானத்தைப் பார்த்து விலகிக்கொண்டு இறங்க முடியுமா என்று கேட்டார்கள். இரவில் அப்படி இறங்கக் கம்பெனி அனுமதிப்பதில்லை, கருவி வழியாகவே இறங்க வேண்டும் என்றார் விமானி. அப்படியானால் காத்திருக்க வேண்டும் என்றார் கன்ட்ரோலர். வரிசையில் இடம் கிடைக்கவில்லை, எரிபொருளும் குறைந்துகொண்டு வந்தது. ரேடியோவில் இரு பக்கமும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்த விமானம், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓக்லாந்தில் போய் இறங்கியது.